கொல்லைக்குப் போகும் வழி

எங்கள் வீட்டில் எனக்கென்று ஓர் அறை கிடையாது. இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். அத்தனையும் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு எழுதியவைதான். கதாநாயகி கண்ணீர் விடத் தொடங்கும் இடத்தில் பால்காரர் பாக்கி கேட்பார். வில்லன் வாசற்படியில் கால் வைக்கிற நேரத்தில் சமையல் காஸ் சிலிண்டர் வந்து இறங்கும். இதையெல்லாம் நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வது வழக்கம். ஆனால் நாற்பத்தாறு வயதில் முதுகு பெருமைக்குக் கட்டுப்படுவதில்லை. போன ஆடி மாசம் ஒரு தொடர்கதைக்கான பணம் மொத்தமாகக் கைக்கு வந்தது. மாடியில் ஓர் அறை கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"முடிவு செய்தேன்" என்று ஒருமையில் எழுதியிருக்கிறேன். அச்சுப் பிழையல்ல.

எங்கள் வீடு கும்பகோணத்தில் ஒரு பழைய தெருவில் இருக்கிறது. அகலம் இருபது அடி, நீளம் நூற்றுப் பத்து அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, அப்புறம் கொல்லை என்று ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். என் தாத்தா கட்டியது. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ், பின்கட்டு ஓடு. முன்கட்டுக் கூரையின்மேல்தான் என் அறை எழும்புவதாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியவேண்டும் என்பது வரைக்கும் தீர்மானமாகிவிட்டது.

மேஸ்திரியை அழைத்து வந்தேன். அறுபது வயசு மனிதர். மொட்டை மாடியில் குனிந்து, கையிலிருந்த கரணையின் பிடியால் நாலு இடத்தில் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கீழே வந்து கூடத்தில் அண்ணாந்து பார்த்தார். பர்மாத் தேக்கு விட்டங்களையும், அவற்றின் மேல் சாய்வாய் நிறுத்திவைத்த மெல்லிய செங்கற்களையும் வெகு நேரம் பார்த்தார். எனக்கு டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றி நிற்பது போல இருந்தது.

"நல்ல வேலை சார். இந்தக் கல்லுக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பொம்பளைங்க வரிசையா உக்காந்து கட்டையாலே நாள் கணக்கிலே தட்டியிருப்பாங்க. கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளிச்சுத் தெளிச்சுத் தட்டணும். இப்ப அந்தத் தட்டுத் தட்ட ஆளு கிடையாது."

"அப்படியானால் மாடி தாங்கும் அல்லவா?"

"தன்னைத் தாங்கும். வெயிலைத் தாங்கும். வடாம் காயப்போடலாம். ரூம் தாங்காது."

நான் கல்லூரியில் இரண்டே வருஷம் படித்தவன். ஆனாலும் கணக்கில் விட்டுக்கொடுக்கிறதில்லை. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஐம்பது கன அடி. கன அடிக்கு ஏறக்குறைய 70 கிலோ. ஆக மூன்றரை டன். நாலரை அங்குலச் சுவரை நாலு பக்கமும் பத்தடி உயரத்துக்கு எழுப்பினால் அது ஒன்பது டன். மொத்தம் பன்னிரண்டரை. மேஸ்திரி பேப்பரைப் பார்க்கவே இல்லை.

"கோயில் யானை மூணைக் கொண்டாந்து மாடியிலே கட்டிவைக்கிறதுக்குச் சமம் சார்," என்றார்.

கணக்கு எப்படியோ சரியாகத்தான் வந்தது.

மாடி போயிற்று. கோபுரமும் போயிற்று. மிச்சம் இருந்தது கொல்லை. கிணற்றுக்கும் சமையலறைக்கும் நடுவே பதினாலு அடி இடம் இருக்கிறது. அங்கே துவைக்கிற கல்லும் ஒரு முருங்கை மரமும் உண்டு. அவற்றை அப்புறப்படுத்தினால் அறைக்கு இடம் கிடைத்துவிடும். கோபுரத்துக்குப் பதில் கிணறு. கிணற்றைப் பார்த்துக்கொண்டும் கதை எழுதலாம். தமிழ் நாவல்களில் அதற்கு முன்மாதிரி நிறையவே இருக்கிறது.

கட்டுகிற வேலை மூன்று மாதம் என்றால், கட்டுவதற்கு முன்னால் செய்யவேண்டியது ஐந்து மாத வேலை. கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவன் கட்டின வீட்டை நீட்டிப் பார்க்கவில்லை. வெற்று மனையில் கட்டுகிறவன் புல்லைச் செதுக்கினால் போதும். ஆள் குடியிருக்கிற வீட்டில் ஒரு சுவரைத் தொடவேண்டுமானால், அந்தச் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரிலிருந்து தொடங்கவேண்டும். சமையலறைப் பின்சுவரை உடைக்கும்போது அடுப்பை எங்கே வைப்பது? கொல்லைக்குப் போகிற மின்சாரக் கம்பியை யார் எடுத்து மாற்றுவது? அடுத்த வீட்டுக்காரரோடு பொதுவாக இருக்கிற சுவரில் சாரம் சாத்த அவரிடம் எப்படிக் கேட்பது? சிமெண்ட் மூட்டைகள் வந்தால் தரையில் போடக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. பலகை போட்டு அடுக்கவேண்டும். பலகை எங்கே? பரணில். பரணில் என்ன இருக்கிறது? அதைக் கேட்காதீர்கள்.

அனுமதி விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்களுக்குச் சுயசான்று முறையில், கம்ப்யூட்டர் வழியாகவே உடனடி அனுமதி என்று அரசாங்கம் ஏற்பாடு செய்திருக்கிறது. எங்களுடையது பழைய கட்டடத்தோடு ஒட்டுகிற வேலையாதலால் எந்தப் படிவம், எந்த வழி என்பதை இன்ஜினீயரிடமே விட்டுவிட்டேன். அவர் பத்திரத்தைக் கேட்டார். பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "விண்ணப்பதாரர் நீங்க இல்லை சார். வீடு உங்க அம்மா பேர்லே இருக்கு," என்றார்.

எனக்குத் தெரியாத விஷயமல்ல. அப்பா சாவதற்கு முன் அம்மா பேருக்கு எழுதிவைத்தார். நானே சாட்சிகளை ஆட்டோவில் அழைத்துப் போனவன். ஆனால் நாலு மாதமாக அறை, ஜன்னல், யானை என்று பேசிக்கொண்டிருந்த எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. வரைபடத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கேப்பா போடணும்?" என்றாள்.

காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். என்ன கட்டுகிறோம் என்று கேட்கவில்லை. முறத்தை மறுபடி மடியில் இழுத்துக்கொண்டாள்.

மார்கழிக் கடைசியில் கொல்லையைத் துப்புரவு செய்தோம். முருங்கை மரத்தை நினைத்துத்தான் எனக்கு மனசு சங்கடப்பட்டது. அம்மா கையால் வைத்த மரம். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் வாக்கியங்களைத் தயார் செய்தேன். மூன்றாம் நாள் அம்மாவே அரிவாளோடு மரத்தடியில் நின்றாள். "நல்ல போத்தா ரெண்டு வெட்டி வேலியோரம் நட்டு வெச்சுடச் சொல்லுப்பா. ஆறு மாசத்திலே காய்க்கும். மீதியை ஆடு வெச்சிருக்கிறவங்க எடுத்துக்கிட்டுப் போகட்டும்." என் வாக்கியங்கள் வீணாயின. அவற்றை வேறு ஒரு கதையில் சேர்த்துவிட்டேன்.

அஸ்திவாரம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, சமையலறைச் சுவரையொட்டி ஒரு குழி வெட்டிப் பார்க்கவேண்டும் என்றார் மேஸ்திரி. எங்கள் பக்கத்து மண் களிமண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். தாத்தா மூன்றடி ஆழம் வெட்டி, அடியில் ஆற்று மணலைக் கொட்டிப் பரப்பியிருந்தார். மேஸ்திரி குழிக்குள் இறங்கி அந்த மணலைக் கையில் அள்ளிக் காட்டினார். அதோடு ஒரு விஷயம் சொன்னார்.

"புதுச் சுவரைப் பழைய சுவரோட பிணைச்சுக் கட்டக் கூடாது சார். பழசு இறங்கவேண்டியதெல்லாம் இறங்கி நின்னுடுச்சு. புதுசு இனிமேதான் இறங்கும். சேர்த்துக் கட்டினா ரெண்டும் வெடிக்கும். நடுவுலே ஒரு இழை சந்து விடுவோம். பார்க்கிறவங்களுக்கு ஒண்ணாத்தான் தெரியும்."

மாமியாரும் மருமகளும் உள்ள வீட்டில் இதை உரக்கச் சொல்லவேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன்.

அந்தக் குழி வெட்டின நாளைத்தான் நான் சொல்ல வந்தது.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். மண் சுமக்க வந்த சித்தாள் பெண் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளுக்கு ஒரு செம்பு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் இந்தப் பக்கம் முற்றத்தில் பரணிலிருந்து இறக்கிய பலகைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"நீங்க குடிக்கலியாம்மா?"

"நாலு மணிக்கு மேலே நான் பச்சைத் தண்ணிகூட வாயிலே வெக்கிறதில்லே."

"ஏம்மா, உடம்புக்கு ஆகாதா?"

"உடம்புக்கு என்ன! குடிச்சா ராத்திரி ரெண்டு தரம் கொல்லைக்குப் போகணும். இருட்டு, பாசி. விழுந்து வெச்சா யாருக்குக் கஷ்டம்?"

அந்தப் பெண் சிரித்தாள். "எனக்கும் அதே கதைதாம்மா. வேலைக்குப் போற எடத்திலே எங்களுக்குன்னு ஒதுங்க எடம் இருக்காது. காலையிலே வீட்டிலே குடிச்சா குடிச்சது. அப்புறம் வீட்டுக்குப் போய்த்தான்."

"இப்பக் குடிச்சியே?"

"நீங்க கொடுத்தீங்களேன்னு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வெகு நாள் தெரிந்தவர்கள் மாதிரி சிரித்தார்கள். நான் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எண்ணிக்கை தப்பிவிட்டது.

போன கோடையில் அம்மாவுக்கு நீர்க்கடுப்பும் ஜுரமும் வந்து மூன்று நாள் படுக்கையில் கிடந்தாள். தண்ணீர் போதாது, நிறையக் குடிக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து நான் அம்மாவைக் கடிந்துகொண்டேன். குழந்தைக்குச் சொல்வது போல, ஒரு பாட்டிலில் கோடு போட்டு, இத்தனை மணிக்கு இந்தக் கோடு வரை என்று எழுதி ஒட்டினேன். அம்மா தலையை ஆட்டினாள். சாயங்காலம் பாட்டில் காலியாகவும் இருக்கும். துளசி மாடத்துக்குப் போயிருக்கிறது என்று இப்போது புரிகிறது. பெண்களின் மனசை ஊடுருவிப் பார்க்கிறவன் என்று என் நாவல் ஒன்றின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள்.

இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "ரெண்டு வருஷமாப் பின்னாலே ஒரு பாத்ரூம் கட்டணும், கட்டணும்னு நான் யாருக்காகச் சொன்னேன்?"

சொன்னாள். நானும் கேட்டேன். ஏதோ அவளுக்குத் தோழிகள் வீட்டைப் பார்த்து வந்த ஆசை என்று காதில் போட்டுக்கொண்டேன்.

அன்றிரவு டார்ச்சை எடுத்துக்கொண்டு, அம்மா படுக்கிற ரேழியிலிருந்து கொல்லைக் கடைசிவரை நடந்து பார்த்தேன். தொண்ணூற்றாறு அடி. படிகள் ஐந்து. கிணற்றடியில் வழுக்குகிற இடம் ஒன்று. நிலைப்படிகள் மூன்று, மூன்றிலும் தலை குனிந்து கால் தூக்கவேண்டும். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயசு.

கக்கூஸ் ஏன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது? சுத்தத்துக்காக என்று எங்கள் வீடுகளில் சொல்வது வழக்கம். காரணம் அதுவல்ல. கொல்லைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில், அதை வாளியில் அள்ளிச் சுமக்கிறவர்கள் அந்தச் சந்து வழியாக வந்து அந்த வழியாகவே போகவேண்டும். வீட்டு வாசலில் அவர்கள் கால் படக் கூடாது, கண்ணிலும் படக் கூடாது. அதற்காகப் போட்ட தூரம் அது. எடுப்புக் கக்கூஸையும் மனிதர்களைக்கொண்டு அள்ளுவதையும் தடுத்து 1993-ல் சட்டம் வந்தது. 2013-ல் இன்னும் கடுமையாக ஒன்று வந்தது. சட்டத்துக்கு நாலு வருஷம் முன்பே, என் பத்தாவது வயதில், எங்கள் வீட்டில் பீங்கானும் குழாயும் வந்துவிட்டன. அப்படியும் இடம் மாறவில்லை. அள்ளுகிறவர்களை ஒதுக்கி வைக்க என் தாத்தா அளந்து போட்ட தூரத்தை இத்தனை வருஷமாக ராத்திரியில் நடந்துகொண்டிருந்தவள் அம்மா.

மறுநாள் மேஸ்திரியிடம் வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எழுதுகிற அறை வேண்டாம். அம்மாவுக்குப் படுக்கை அறை, அதை ஒட்டிக் குளியலறையும் கக்கூஸும் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "கதவு மூணடி வெச்சுடுவோம். நிலைப்படி வேண்டாம். நாளைக்குச் சக்கர நாற்காலின்னு வந்தாலும் உருளணும். தாப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி போடணும். சுவத்திலே பிடிச்சுக்கக் கம்பி. தரைக்கு வழுவழு டைல்ஸ் போட்டா நான் வேலைக்கே வரமாட்டேன்," என்று வரிசையாகச் சொன்னார். முதல் வரைபடம் போட்டபோது இவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்க யாருக்குன்னு சொல்லிட்டுத்தானே சார் வந்தீங்க?"

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சமையலறைக்குப் பக்கத்தில் கக்கூஸா என்றாள். சாமி விளக்கு இருக்கிற சுவருக்கு அந்தப் பக்கமா என்றாள். எனக்கு எதற்கு அறை, இன்னும் எத்தனை நாளைக்கு என்றாள். இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்தப் பிள்ளையிடமும் பதில் கிடையாது. நான் இரண்டு நாள் வாதாடித் தோற்றேன். என் மனைவி விளக்குப் பிறையை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டு, "எனக்கும் வயசாகும் அத்தை. அப்ப நான் எங்கே போறது?" என்றாள். அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி எதிர்க்கவில்லை.

புது வரைபடத்தை இன்ஜினீயர் கொண்டு வந்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "இதிலே என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். ஒவ்வொரு கோட்டுக்கும் விரலை வைத்து விளக்கம் கேட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

இன்னொரு மாறுதலும் செய்தோம். முதல் நாளே பழைய கக்கூஸை இடித்துவிட்டு அந்த இடத்தில் மணல் கொட்டுவதாக ஏற்பாடு. அதைக் கடைசி நாளுக்குத் தள்ளினோம். வேலைக்கு வருகிற பெண்களுக்கு அது இருக்கட்டும் என்று விட்டோம். கதவின் உள்தாப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்று வாங்கி நானே முடுக்கினேன். கொல்லை வேலை ஒன்றை நான் சொந்தக் கையால் செய்தது அதுதான். மணலைத் தெருவோரம் கொட்டவேண்டும். அடுத்த வீட்டுக்காரர் தம் ஸ்கூட்டரை எடுத்து வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நாள் பார்க்கும் பொறுப்பை அம்மாவே ஏற்றுக்கொண்டாள். வாஸ்து புருஷன் வருஷத்தில் எட்டே நாள்தான் கண் விழிக்கிறாராம். அதுவும் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். அதற்குள் பல் தேய்த்து, குளித்து, பூஜை செய்து, சாப்பிட்டு, தாம்பூலம் போட்டுவிட்டு மறுபடி தூங்கிவிடுவார். அவர் சாப்பிடுகிறபோதோ வெற்றிலை போடுகிறபோதோ கடைக்கால் தோண்டினால் நல்லது. எனக்குத் தெரிந்த சில எழுத்தாளர்களின் தினசரியும் ஏறக்குறைய இதுதான். பஞ்சாங்கத்தில் தை 12 அகப்பட்டது. அம்மாவுக்குத் திருப்தி, அறுவடை நேரமாயிற்றே, ஆள் கிடைக்கவேண்டுமே என்று மேஸ்திரிக்குக் கவலை.

தை 11 மாலை. மேஸ்திரி நூல் பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டார். வெட்டின முருங்கையின் அடிக்கட்டை மட்டும் ஓரமாய் நின்றது. வெள்ளைக் கோட்டுக்குள் அறை, அதற்குள் சின்னதாய் இன்னொரு கட்டம். வானத்தின் கீழே பார்க்க அது தாயக்கட்டம் போல இத்தனூண்டாகத் தெரிந்தது. கோடு போட்டால் எல்லா அறையும் அப்படித்தான் தெரியும், சுவர் எழும்பினால் பெரிசாகிவிடும் என்றார் மேஸ்திரி.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். கதவுக்காக விட்டிருந்த இடைவெளி வழியாகவே, கோட்டை மிதிக்காமல் உள்ளே போனாள். நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

"கட்டில் எங்கே?"

மேஸ்திரி காட்டினார்.

"தலைமாடு?"

அதையும் காட்டினார்.

"அப்ப ஜன்னல் முதுகுப் பக்கம் இல்லே போகுது? படுத்தா கிணறு தெரியாதே. யாராவது தண்ணி இறைச்சா யாருன்னு பார்க்க வேண்டாமா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் அம்மாவைக் காட்டினேன். அவர் குனிந்து ஜன்னலுக்குப் போட்டிருந்த குறியைக் காலால் அழித்தார்.

"எந்த எடத்திலேம்மா?"

அம்மா இரண்டு எட்டு நடந்து, கிணற்றைப் பார்த்து நின்று, "இங்கே," என்றாள்.